கேட்ட பிறகே பேசும் பெட்டி

திருகோணமலை உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒரு வீட்டில் போன மின்சாரம் திரும்பி வருகிறது. ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. சற்று நேரத்தில் கைத்தொலைபேசித் திரையில் வைஃபையின் பெயர் தெரிகிறது. அதே ரவுட்டருக்கு இன்னொரு பெயரும் உண்டு. கடைசியில் ‘5ஜி’ என்று ஒட்டியிருக்கும் அந்த வேகமான இணைப்பு சில வீடுகளில் மேலும் ஒரு நிமிடம் கழித்தே தலைகாட்டும். சில வேளைகளில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மறைந்துபோய் மீண்டும் வரும். கருவி பழுது என்பார் ஒருவர்; இணைப்பு தரும் நிறுவனத்தின் கோளாறு என்பார் மற்றொருவர்.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தப் பெட்டி விற்பனைக்கு வருமுன் ஒரு சோதனைக் கூடத்தில் தேறியாக வேண்டிய பாடங்களில் ஒன்று இது: பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். யாருக்காக, எதைக் கேட்கிறது என்று தொடர்ந்து போனால், கம்பியில்லாக் கருவிகளுக்கு அரசாங்கங்கள் ஏன் அனுமதி வழங்குகின்றன என்ற பெரிய கேள்விக்கும் விடை கிடைக்கும்.

துறைமுகத்தின் மேலுள்ள நெரிசல்

இந்த ‘5ஜி’ கைத்தொலைபேசி வலையமைப்பின் ஐந்தாம் தலைமுறை அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐந்நூறு கோடி அதிர்வுகள் கொண்ட வானொலி அலையில் இயங்குகிறது என்பதே அதன் பொருள். மற்றப் பெயருக்குரிய இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது.

வானொலி அலைகள் எல்லாம் ஒரே வெளியில்தான் பயணம் செய்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முதன்மையாக உதவுவது அதிர்வெண். அதிர்வெண்களின் இந்த முழு வரிசைக்கு அலைக்கற்றை என்று பெயர். திருகோணமலைத் துறைமுகத்தின் மேலுள்ள அலைக்கற்றையில் இடம் பிடித்திருப்போர் பலர். கொட்டியாரக் குடாவுக்குள் வரும் கப்பல்கள் 156.8 மெகாஹெர்ட்ஸில் அழைப்புக்காகக் காத்திருக்கின்றன. ஆபத்து வேளைக் குரலும் அதில்தான் ஒலிக்கும். கப்பலின் பெயரையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்கும் கருவி 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசுகிறது. வழிகாட்டும் செய்மதிகளின் மெல்லிய சமிக்ஞை 1,575 மெகாஹெர்ட்ஸ் அருகே வந்து சேர்கிறது. கப்பல் ராடார்களில் பெரும்பாலானவை 3 கிகாஹெர்ட்ஸையும் 9 கிகாஹெர்ட்ஸையும் ஒட்டி இயங்குகின்றன. இவற்றுடன் கடற்படைத் தளம், சீனன்குடா விமானத்தளம், கைத்தொலைபேசிக் கோபுரங்கள், ஆயிரக்கணக்கான வீட்டு ரவுட்டர்கள்.

இந்த வரிசையில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குத் தனிச் சிக்கல் உண்டு. வைஃபை அங்கே குடிவருவதற்கு வெகு காலம் முன்பே ராடார்கள் குடியிருந்தன. 5,470 முதல் 5,650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி சர்வதேச அட்டவணையில் கடல்வழி காட்டும் ராடார்களுக்கும் உரியது. அதிலேயே 5,600 முதல் 5,650 வரை நிலத்தில் நிற்கும் வானிலை ராடார்கள் மழையைத் தேடுகின்றன. இராணுவ ராடார்களும் இந்த அக்கம்பக்கத்தில் உண்டு.

ராடாரின் வலிமையும் பலவீனமும்

ராடாரின் மதிப்பு திருகோணமலைக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ராடாரின் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையை நோக்கி வந்த விமானங்களை அங்கிருந்த ராடார் நிலையம் முன்கூட்டியே கண்டுகொண்டது. துறைமுகம் சேதத்திலிருந்து தப்பவில்லை என்றாலும், போர் விமானங்கள் மேலெழும்ப நேரம் கிடைத்தது. அன்றைய ராடார்கள் மீட்டர் அளவிலான நீண்ட அலைகளைப் பயன்படுத்தின. இங்கே பேசப்படுபவற்றின் அலைநீளம் ஐந்தரை சென்றிமீட்டர் அளவு. வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை: ஒரு துடிப்பை அனுப்புவது, அது எதிலாவது பட்டுத் திரும்பும்வரை காத்திருப்பது, வந்த திசையையும் பிடித்த நேரத்தையும் கொண்டு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வது.

மலையுச்சியில் நின்று உரக்கக் கூவிவிட்டு எதிரொலிக்குச் செவிகொடுப்பவரின் நிலைதான் ராடாருக்கு. கூவல் எவ்வளவு பெரிதானாலும் திரும்பி வருவது மிகச் சிறிது. அந்த நேரத்தில் காதருகே யாராவது முணுமுணுத்தால் எதிரொலி கேட்காது.

எதிரொலி இவ்வளவு மெலிவதற்குக் காரணம் எளிது. ஒரு திசையில் மட்டும் செல்லும் அலை, தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகக் குறையும். ராடாரின் அலை போகும் வழியில் ஒருமுறை, திரும்பும் வழியில் மறுமுறை என இரண்டு தடவை குறைகிறது. ஆகவே தூரம் இரட்டித்தால் எதிரொலி பதினாறில் ஒரு பங்கு. தூரம் பத்து மடங்கானால் ஒருவழி அலை நூறில் ஒன்று, எதிரொலி பத்தாயிரத்தில் ஒன்று. ரவுட்டரிலிருந்து ராடாருக்குச் செல்வது ஒருவழி அலை. சிறிய பெட்டியால் பெரிய ராடாரைக் குழப்ப முடிவது இந்த வேறுபாட்டால்தான்.

கணக்கிட்டுப் பார்த்தால்

கடலோரக் குன்று ஒன்றின் மேல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் ஒரு ராடார் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். துடிப்பின் திறன் 2,50,000 வாட். அதன் அலைவாங்கி, தான் பார்க்கும் திசையில் அலையைப் பத்தாயிரம் மடங்கு குவிக்கிறது. இந்த வகைப் பெரிய ராடார்களுக்கு இவை வழக்கமான அளவுகள். அங்கிருந்து 5 கிலோமீட்டர் தூரத்தில், குன்று நேராகத் தெரியும் ஒரு மாடி விறாந்தையில், 0.2 வாட் திறனுள்ள ரவுட்டர் அதே அதிர்வெண்ணில் இயங்குகிறது. ராடாரின் துடிப்பு அதைவிடப் பன்னிரண்டரை இலட்சம் மடங்கு வலியது.

ரவுட்டரின் சமிக்ஞை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரவியிருக்கிறது. ராடார் கேட்பதோ ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே. எனவே வந்து சேர்வதில் இருபதில் ஒரு பங்குதான் ராடாருக்குள் நுழையும். இத்தனை கழிவுக்குப் பிறகும் எஞ்சுவது, ராடாரின் கண்ணுக்கு ஒரு சதுர மீட்டர் அளவே தெரியும் ஒரு சிறு வள்ளம் 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து அனுப்பும் எதிரொலிக்கு ஏறத்தாழச் சமம். ரவுட்டர் இருக்கும் திசையில் திரையின் மேல் ஒரு நீண்ட கோடு விழும். அந்தத் திசையில் அந்தத் தூரத்துக்கு அப்பாலுள்ள வள்ளம் அதில் மறையும். வானிலை ராடாராக இருந்தால் மறைவது மழை.

இனிக் கணக்கைத் திருப்பிப் போடலாம். அதே ராடாரின் துடிப்பு அதே ரவுட்டரை எவ்வளவு வலுவுடன் அடைகிறது? இரண்டு மில்லிவாட் அளவு. பார்வைக்கு இது அற்பம். ஆனால் ரவுட்டர் ‘ராடார் இருக்கிறது’ என்று உணர வேண்டிய எல்லையாக விதிகள் குறிப்பது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவானது. வந்து சேர்வது அந்த எல்லையைப்போல் சுமார் முப்பது இலட்சம் மடங்கு. இடையில் சுவர்கள் நின்று நூறில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டாலும் முப்பதாயிரம் மடங்கு மிஞ்சும்.

ராடார் ரவுட்டரைக் கேட்பதைவிட ரவுட்டர் ராடாரை மிக நன்றாகக் கேட்கிறது. கெடுதல் செய்யக்கூடிய தூரத்தில் உள்ள பெட்டிக்கு, தான் அப்படி ஓரிடத்தில் இருப்பதைக் கண்டுகொள்ள வசதி இருக்கிறது. ஒரே அலைக்கற்றையில் இருவரையும் குடிவைக்கலாம் என்ற எண்ணம் இந்தச் சமமின்மையிலிருந்துதான் பிறந்தது.

ஜெனீவாவில் எழுதிய நிபந்தனை

அலைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவை கப்பல்கள். 1906இல் பெர்லினில் கூடிய மாநாடு கப்பல்களின் கம்பியில்லாத் தந்திக்குப் பொது விதிகளை வகுத்தது. அந்த வழியில் வந்த உலக வானொலித்தொடர்பு மாநாடு 2003இல் ஜெனீவாவில் கூடியது. வைஃபை போன்ற கருவிகளுக்கு 5,150 முதல் 5,350 வரையும், 5,470 முதல் 5,725 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை அது திறந்துவிட்டது. ராடார்கள் உள்ள பகுதிகளுக்கு நிபந்தனை ஒன்றும் சேர்ந்தது: முதற்குடியான ராடாருக்கு இடையூறு கூடாது, ராடாரின் துடிப்பைக் கேட்டால் கருவி தானாகவே விலக வேண்டும். பொறியாளர்கள் டி.எஃப்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் இந்தத் திறனைத் தமிழில் ‘கேட்டு விலகல்’ எனலாம்.

வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தடங்களாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறது. 36 முதல் 48 வரையிலான தடங்களுக்குக் கேட்டு விலகல் தேவையில்லை. 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள தடங்களுக்குத் தேவை. ஒரே பட்டணத்தில் ஒரு வீட்டு ரவுட்டர் உடனே எழுந்திருக்க, அடுத்த வீட்டு ரவுட்டர் ஒரு நிமிடம் எடுப்பது இதனால்தான். எந்தத் தடத்தை எடுத்துக்கொண்டது என்பதே வேறுபாடு. அதிவேகத்துக்காக 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுக்கும் புதிய கருவிகளுக்கு, இந்தப் பகுதிகளில் எங்கே அமர்ந்தாலும் ராடார் தடங்களும் உள்ளே வந்துவிடுகின்றன. அவை பெரும்பாலும் காத்திருந்தே ஆக வேண்டும்.

ஒரு நிமிடம் என்ற அளவுக்கும் காரணம் உண்டு. நான்கு நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ராடாரின் கற்றை ஒரு பாகை அகலமானால், அது ரவுட்டரைக் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். அந்தக் கணத்தில் பதினொன்று பன்னிரண்டு துடிப்புகள் விழலாம். ஒரு சுற்றைத் தவறவிட்டாலும் ஒரு நிமிடத்தில் இன்னும் பதினான்கு வாய்ப்புகள் கிடைக்கும். வானிலை ராடாரோ கீழ்வானிலிருந்து மேல்வானம்வரை அடுக்கடுக்காகத் தேடிவிட்டு மெதுவாகத் திரும்பி வருவது. எனவே 5,600 முதல் 5,650 வரையிலான பகுதிக்கு ஐரோப்பிய விதி பத்து நிமிடக் காத்திருப்பைக் கோருகிறது.

சோதனைக் கூடத்தில்

நிபந்தனை எழுதினால் போதாது. பெட்டி அதன்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கு முன் கருவி செல்லும் கூடத்தில், சுவரெங்கும் கூம்புக் கூம்பான கரிப்பஞ்சு பதித்த அறை இருக்கும். வானொலி அலை சுவரில் பட்டுத் திரும்பாதபடி அது விழுங்கிவிடும். அங்கே பெட்டியை மெல்லச் சுழலும் மேசையில் வைத்து, எல்லாத் திசையிலும் அது வெளியிடும் அலைகளை அளக்கிறார்கள்.

முதல் கேள்வி திறன்: அனுமதித்த அளவுக்கு மேல் அனுப்புகிறதா? இரண்டாவது எல்லை: தன் தடத்துக்கு வெளியே கசிகிறதா? எந்தக் கருவியும் தான் பேச வேண்டிய அதிர்வெண்ணில் மட்டும் பேசுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களிலும் மெல்லிய நிழல்கள் விழும். அவை வழிகாட்டும் செய்மதியின் சமிக்ஞையிலோ விமானத் தொடர்பிலோ விழக் கூடாது. வெப்பத்திலும் குளிரிலும், மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் அதிர்வெண் நிலையாக நிற்கிறதா என்பது இன்னொரு கேள்வி. அருகில் இருப்போர் உடலில் படும் அளவும் மின் பாதுகாப்பும் தனியாகப் பார்க்கப்படும்.

கேட்டு விலகலுக்கு ஒரு நாடகமே நடத்தப்படுகிறது. சமிக்ஞை உண்டாக்கும் கருவி ராடாராக நடிக்கும். அமெரிக்கச் சோதனைமுறையின் எளிய வேடம் ஒன்றில், நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீளமுள்ள 18 துடிப்புகள் 1,428 மைக்ரோநொடிக்கு ஒன்றாக வரும். முதலில் பெட்டியை இயக்கி, அந்த ஒரு நிமிடத்தில் அது வாய் திறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு காத்திருப்பின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் துடிப்பை அனுப்புவார்கள். இரண்டு முறையும் அது தடத்தைக் கைவிட வேண்டும். அடுத்து, பெட்டி வழியாக ஒரு காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு வரும். பத்து நொடிக்குள் பெட்டி அந்தத் தடத்தைவிட்டு முற்றாக வெளியேற வேண்டும். அடுத்த முப்பது நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. நல்ல இணைப்பு திடீரென மறைவதன் விளக்கமும் இதில் அடங்கியிருக்கிறது.

நூற்றுக்கு நூறு யாரும் எதிர்பார்ப்பதில்லை. குறுந்துடிப்பு வகை ஒவ்வொன்றிலும் பத்துக்கு ஆறு முறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க முறை. நான்கு குறுந்துடிப்பு வகைகளின் சராசரி நூற்றுக்கு எண்பது. ராடார் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் ஒரு சுற்றில் தவறியது அடுத்ததில் பிடிபடும். இதன் மறுபக்கமாக, காது கூர்மையான பெட்டி வேறு சத்தத்தையும் ராடார் என்று நம்பி விலகுவதுண்டு. உபயோகிப்பவருக்கு அது தொல்லை. விதியின் பார்வையில் தவறாக விலகுவது பிழையல்ல, விலகாமல் இருப்பதுதான் பிழை.

கொழும்பில் கிடைக்கும் கையெழுத்து

சோதனை அறிக்கை வேறு, அனுமதி வேறு. கூடம் அளந்து எண்களைத் தருகிறது. அந்த எண்கள் தன் நாட்டு அலைக்கற்றைத் திட்டத்துக்குப் பொருந்துகின்றனவா என்று முடிவுசெய்வது அந்தந்த நாட்டு அதிகாரபீடம். இலங்கையில் அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதைத் திருத்திய 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் அதன் அடிப்படை.

சட்டம் இரண்டு வாசல்களில் காவல் வைக்கிறது. தொலைத்தொடர்புக் கருவிகளை இறக்குமதி செய்து விற்பவர் விற்பனையாளர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். கருவியின் ஒவ்வொரு மாதிரியும் தனியே ஆராயப்பட வேண்டும். இரண்டாவதற்குப் பெயர் வகை அங்கீகாரம். ஒவ்வொரு பெட்டியையும் அல்ல, ஒரு மாதிரியை ஆராய்ந்து, அதே வார்ப்பில் வரும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி கொடுக்கும் ஒப்புதல். திருகோணமலை அருகே 1984இல் ஜெர்மன் வானொலியின் அஞ்சல் நிலையமாக இயங்கத் தொடங்கிய நிலையம் போன்ற பெரும் ஒலிபரப்பிகளுக்கு அதிர்வெண்ணும் இடமும் திறனும் குறித்துத் தனித்தனியே அனுமதி எழுதலாம். இலட்சக்கணக்கில் கடைக்கு வரும் பெட்டிகளுக்கு அது நடக்காத காரியம். எந்த வீட்டின் எந்த மூலையில் அவை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனவே கட்டுப்பாட்டைப் பெட்டிக்குள்ளேயே பொதிந்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

எல்லா நாடும் சொந்தக் கூடம் கட்டி ஒவ்வொன்றையும் மறுபடி அளப்பதில்லை. தரச்சான்று பெற்ற வெளிநாட்டுக் கூடங்களின் அறிக்கைகளை ஏற்று, கருவியின் அதிர்வெண்ணையும் திறனையும் உள்நாட்டு எல்லைகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே பொதுவான வழி. சிறிய சந்தைக்கு இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் அறிக்கையில் உள்ள மாதிரியும் கப்பலில் வந்திறங்கும் பெட்டியும் உண்மையில் ஒன்றுதானா என்ற கேள்வியை இது சுங்கத்தின் கைகளிலும் சந்தைக் கண்காணிப்பின் கைகளிலும் விடுகிறது.

அனுமதிக்குப் பின் நடப்பவை

அங்கீகாரம் பெற்ற பெட்டியும் கெடுதல் செய்யலாம். 2009இல் புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் சான் ஹுவானில், விமான நிலையத்துக்காகக் காற்றின் திடீர் மாற்றங்களைக் கண்காணிக்கும் வானிலை ராடாரின் திரையில் கோடுகள் விழுந்தன. ஆராய்ந்தபோது, இணைய சேவைக்காக உயரமான இடங்களில், ராடார் நேராகத் தெரியும்படி பொருத்திய 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் காரணமென்று தெரிந்தது. சிலவற்றில் கேட்டு விலகல் இயங்கவில்லை, அல்லது நிறுத்தப்பட்டிருந்தது.

கடலோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். திருகோணமலைக்கும் மூதூருக்கும் நடுவே கொட்டியாரக் குடாவின் நீர்ப்பரப்பு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. அதைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸில் இணைப்புக் கொடுப்பது தொழில்நுட்பத்தில் எளிது: இரு கரையிலும் கூரை உயரத்தில் கிண்ண அலைவாங்கி போதும். அலையைத் தடுக்க மரமோ சுவரோ இல்லை. ராடாரைக் காக்கும் தடையும் அங்கே இல்லை. மேலும், அங்கீகாரம் பெட்டிக்கும் அதனுடன் சோதித்த அலைவாங்கிக்கும் சேர்த்தே கிடைப்பது. வேறு அலைவாங்கியை மாட்டினால் குறித்த திசையில் திறன் பல மடங்காகிவிடும், அங்கீகாரமும் செல்லாது.

நாட்டுத் தெரிவை மாற்றுவதும் அப்படியே. ஒவ்வொரு நாட்டிலும் எந்தத் தடம், எவ்வளவு திறன் என்பது மென்பொருளில் நாட்டின் பெயரால் பூட்டியிருக்கும். வேகம் கூடும் என்று நம்பி வேறொரு நாட்டைத் தெரிவுசெய்பவர், பெட்டி தேறிய பாடத்தையே அழிக்கிறார். 2016இல் டிபி-லிங்க் நிறுவனம் இத்தகைய மாற்றத்துக்கு இடம்விட்ட ரவுட்டர்களுக்காக அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இரண்டு இலட்சம் டாலர் செலுத்தி விவகாரத்தை முடித்தது. பூட்டு உறுதியாக இருப்பதும் இப்போது சோதனைக்குரிய பொருளாகிவிட்டது.

அடுத்த படி

கேட்டு விலகல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உரத்துத் துடிக்கும் ராடாரை ரவுட்டரால் கேட்க முடியும். மலைக்கு மலை மெல்லிய கற்றையில் பேசிக்கொள்ளும் நுண்ணலை இணைப்பு, கற்றைக்கு வெளியே இருக்கும் ரவுட்டருக்குக் கேட்பதேயில்லை. அப்படிப்பட்ட இணைப்புகள் நிறைந்த 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 2020இல் வைஃபைக்குத் திறந்த அமெரிக்கா, திறன் கூடிய கருவிகளுக்கு வேறு வழி வகுத்தது. பெட்டி தன் இருப்பிடத்தை ஒரு தரவுத்தளத்துக்குச் சொல்லி, அங்கே எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறனுடன் பேசலாம் என்று கேட்டுக்கொண்ட பிறகே இயங்க வேண்டும். சோதனைக் கூடத்தின் கேள்வியும் அதற்கேற்ப மாறுகிறது: இருப்பிடத்தைச் சரியாகச் சொல்கிறதா, கிடைத்த பதிலுக்குக் கட்டுப்படுகிறதா, பதில் வராதபோது பேசாமல் இருக்கிறதா?

முறை எதுவானாலும் அங்கீகாரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவு. பெட்டி வேகமானது என்றோ நெடுநாள் உழைக்கும் என்றோ அது உறுதி கூறுவதில்லை. விலைகொடுத்து வாங்குபவருக்குக் கொடுக்கும் தரச்சான்று அல்ல அது. அந்தப் பெட்டியை வாங்காத, அது எங்கே இருக்கிறதென்றே அறியாத மாலுமிக்கும் வானிலை அவதானிக்கும் அயல்வீட்டாருக்கும் கொடுக்கும் உத்தரவாதம். ஒரு நிமிடத் தாமதம் அதற்கு வாங்குபவர் கொடுக்கும் பங்கு.